தலைமன்னார் பியர்: கடலில் போய் முடிந்த ஸ்டேஷன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் வகுப்பில் கேட்டான்: "சேர், தலைமன்னாரில ஒரு ஸ்டேஷன் இருக்குத்தானே. பிறகு ஏன் கடற்கரையில பியர் எண்டு இன்னொரு ஸ்டேஷன்? அங்க ஏறி இறங்க ஆளே இல்லையே?" நல்ல கேள்வி. நம் வரலாற்றுப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அனுராதபுரத்துக் குளங்களை யார் கட்டினார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டிலிருந்து சைக்கிளில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கும் பியர் ஏன் வந்தது, ஏன் செத்தது என்று தெரியாது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பியர் ஸ்டேஷன் ஊருக்காகக் கட்டியது அல்ல. கப்பலுக்காகக் கட்டியது. மதவாச்சியில் வடபாதையிலிருந்து பிரிந்து செட்டிகுளம், மடு ரோட், முருங்கன், மன்னார், பேசாலை என்று 106 கிலோமீற்றர் ஓடிவரும் தண்டவாளம் கடலில் போய் முடிந்தது. ஆட்கள் கோச்சியை விட்டு இறங்கி, சாமான்களைத் தூக்கிக்கொண்டு, நிற்கிற ஸ்டீமரில் ஏறினார்கள். சுமார் 22 மைல் கடல். அந்தப் பக்கம் தனுஷ்கோடி. அங்கேயும் இதே மாதிரிக் கடலை முட்டி நிற்கும் ஒரு ஸ்டேஷன். அங்கிருந்து சென்னை எழும்பூர் வரை றெயில். கொழும்புக் கோட்டையில் ஒரே டிக்கட் எடுத்தால் எழும்பூரில் போய் இறங்கலாம். இதற்குத்தான் 'போட் மெயில்' என்று பெயர்.

முகநூலில் அடிக்கடி ஒரு கதை சுற்றுகிறது: "அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து இந்தியாவுக்கு நேரே ரயில் ஓடியது, கடலுக்கு மேல் பாலம் இருந்தது" என்று. பாம்பன் பாலத்தின் படத்தையும் கூடவே போட்டு விடுவார்கள். பாம்பன் பாலம் இந்தியாவுக்குள்ளே, மண்டபத்தையும் இராமேஸ்வரம் தீவையும் இணைத்த பாலம். 1914 பெப்ரவரி 24 ஆம் திகதி திறந்தது. நம் பக்கத்துக்கும் அதற்கும் இடையில் முழுக்கக் கடலும் மணல்தீடைகளும்தான். ஆதம் பாலத்துத் தீடைகளுக்கு மேலாகவே றெயில் பாதை போடலாம் என்று வெள்ளைக்காரன் யோசித்தது உண்மை. செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். அப்படிப் போட்டிருந்தாலும் ஒரே கோச்சி இரண்டு கரையிலும் ஓடியிருக்க முடியாது. நம் தண்டவாளத்தின் அகலம் ஐந்தடி ஆறங்குலம். தனுஷ்கோடிக்கு வந்த பாதை ஒரு மீற்றர். அந்த இடைவெளியைக் கப்பல்தான் நிரப்பியது.

1914 இல் பாம்பன் பாலமும் நம் மன்னார்ப் பாதையும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே திட்டத்தின் இரண்டு முனைகள். அதற்கு முன்னால் போட் மெயில் தூத்துக்குடி வழியாக ஓடியது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலில் ஓர் இரவு முழுக்கக் கடலில் கிடக்க வேண்டும். புதிய வழியில் கடற்பயணம் சில மணித்தியாலமாகச் சுருங்கியது. இதற்கென்று 1913 இல் மூன்று நீராவிக் கப்பல்களைக் கட்டினார்கள். கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று மூன்று வைஸ்ராய்களின் பெயரை வைத்தார்கள். பிறகு வந்தவை இர்வின், கோஷன். தலைமன்னாரின் வெளிச்சவீடும் அந்தக் காலத்ததுதான், 1915.

சரி, இவ்வளவு காசைக் கொட்டி ஏன் இந்தப் பாதை? போட் மெயில் என்றதும் இப்போது எல்லோரும் கோட் சூட் போட்ட கனவான்களையும் முதலாம் வகுப்புப் பெட்டியையும் நினைக்கிறார்கள். பழைய விளம்பரப் படங்கள் அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்தப் பாதையில் வந்து போனவர்களில் பெருந்தொகை மூன்றாம் வகுப்பு. மலையகத்துத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் கூட்டிவந்த தொழிலாளர்கள். அவர்கள் இல்லாவிட்டால் பியர் ஸ்டேஷன் என்று ஒன்று வந்திருக்காது என்பதுதான் என் எண்ணம்.

அந்தக் கதைக்கு 1914 க்கு முன்னால் போக வேண்டும். 1820 களிலிருந்தே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது. தோணியில் வந்து மன்னார்க் கரையில், தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்குவார்கள். இறங்கியதிலிருந்து கால்நடை. மன்னார், மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுவழியாக நடக்க வேண்டும். தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, காய்ச்சலும் வாந்திபேதியும். வழியில் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பாதையோரத்தில் மண்ணானார்கள் என்று சரியான கணக்கு எவரும் வைக்கவில்லை. இன்றைக்கு நாம் ஏசி பஸ்ஸில் நித்திரை கொண்டுகொண்டு போகிற மதவாச்சி ரோட்டின் இரண்டு பக்கமும் அந்த மையித்துகள் இருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிளேக் பயத்தினால் இந்த நடைபாதையை மூடிவிட்டு, தொழிலாளரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். ராகமையில் தடுப்பு முகாம் வைத்துச் சோதித்தார்கள். பிறகு மன்னார்ப் பாதை வந்ததும் சோதனையை இந்தியக் கரைக்கே மாற்றினார்கள். மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே ஒரு முகாம் நடத்தியது. இந்திய மண்ணில் இலங்கையின் முகாம்! அங்கே சில நாட்கள் அடைத்துவைத்து, உடுப்புகளை அவித்து, ஊசி போட்டு, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டு ஒன்றைக் கொடுத்து ஸ்டீமரில் ஏற்றுவார்கள். தலைமன்னார் பியரில் இறங்கினால் கோச்சி காத்து நிற்கும். மாதக்கணக்கில் காடு கடந்த பயணம் ஓரிரண்டு நாளில் முடிந்தது. உயிர்கள் தப்பின, அதை மறுக்க முடியாது. தோட்டத் துரைமாருக்கும் ஆள் சேதமில்லாமல் சரியான கணக்கில் வந்து சேர்ந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊர்க்காரருக்கு இந்தக் கோச்சியால் என்ன கிடைத்தது? நிறையக் கிடைத்தது. மன்னார்த் தீவின் மீனும் கருவாடும் தெற்குச் சந்தைக்குப் போனது இதில்தான். காயல்பட்டினம், கீழக்கரையோடு நம் குடும்பங்களுக்கு இருந்த உறவு தோணிக் காலத்தது. கல்யாணம், வியாபாரம், கிதாபு என்று எல்லாம் கலந்த உறவு. கோச்சியும் ஸ்டீமரும் வந்தபின் அது இன்னும் இலகுவானது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதிப் பட்டம் பெற்ற இலங்கை ஆலிம்கள் பலர். அவர்கள் காலத்தில் இந்தியாவுக்குப் போக மலிவான வழி இதுதான். நாகூர்க் கந்தூரிக்குப் போனவர்களும் இப்படித்தான். நம் கிறிஸ்தவச் சகோதரர்களுக்கு மடுத் திருவிழா. மடு ரோட் ஸ்டேஷன் அதற்காகவே பேர் போனது. ஒரே பெட்டியில் தொப்பியும் செபமாலையும் திருநீறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்ததாக நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதை மிகைப்படுத்தி "அந்தக் காலத்தில் சண்டையே இல்லை" என்று சொல்ல நான் தயாரில்லை. இடத்துக்காகவும் சாமானுக்காகவும் நல்லாகவே சண்டை பிடித்திருப்பார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பாதையில் முதல் விரிசலைக் கொண்டுவந்தது புயல் அல்ல, சட்டம். 1939 இல் இலங்கை அரசாங்கம் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்தியது. அதற்குப் பதிலாக அந்த ஆண்டு ஓகஸ்டில் இந்தியா, பயிற்சியில்லாத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்தது. அதோடு பியரின் பிரதான வேலை முடங்கிவிட்டது. பிறகு 1948. பிரஜாவுரிமைச் சட்டமும் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் வந்தன. பக்கத்து ஊருக்குப் போவதுபோலப் போய்வந்த கடலுக்கு பாஸ்போட்டும் விசாவும் வேண்டும் என்று ஆனது. 'கள்ளத்தோணி' என்ற சொல் வசையாக ஊரெல்லாம் பரவியதும் இந்தக் காலத்தில்தான். கரையில் பரம்பரையாகத் தோணி விட்டவர்களின் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1964. இந்த ஒரு வருடத்தில் இரண்டு விஷயம் நடந்தது. பெரும்பாலோர் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

ஞாபகம் இருப்பது புயல். டிசெம்பர் 22 ஆம் திகதி இரவு. வடக்கிலங்கையைக் கடந்து வந்த சூறாவளி, நம் தலைமன்னார், மன்னார்ப் பக்கத்தையும் அடித்துவிட்டுப் போய்த் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த 653 ஆம் இலக்க றெயில், ஸ்டேஷனை நெருங்கும்போது அலையில் அடிபட்டுப் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் தப்பவில்லை. தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தார்கள். அங்கே போன தண்டவாளத்தைத் திரும்பப் போடவேயில்லை. இன்றைக்கும் அந்த ஸ்டேஷனின் இடிந்த சுவர்களைச் சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுக்கிறார்கள். 2017 இல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோட்டைத் திறந்தபின் கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது.

ஞாபகம் இல்லாதது, அதற்கு இரண்டு மாதத்துக்கு முன், ஒக்டோபர் 30 ஆம் திகதி எழுதிய ஒரு காகிதம். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். அந்த மிச்சத்தை 1974 இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். இறைச்சியைப் பங்கு போடுவதுபோல. பங்கு போடப்பட்டவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"புயலோடு தலைமன்னார் பியர் முடிந்தது" என்று சொல்பவர்களுக்கு: இல்லை. தனுஷ்கோடிதான் முடிந்தது. நம் பியர் இன்னும் இருபது வருடம் அளவில் உயிரோடு இருந்தது. இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் 'இராமானுஜம்' என்ற கப்பல் ஓடியது. இந்தியாவுக்குப் போய் சாரி, பாத்திரம், சாமான் கொண்டுவந்து விற்ற சின்ன வியாபாரிகள் அந்தக் கப்பலின் வழக்கமான ஆட்கள். அறுபது வயதைத் தாண்டிய நம்மவர்கள் பலர் அந்தக் கப்பலைக் கண்ணால் கண்டவர்கள்.

ஆனால் இராமானுஜம் அதிகம் சுமந்தது வியாபாரிகளை அல்ல. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட மலையக மக்களை. ஹற்றன், கண்டி, பதுளைப் பக்கமிருந்து பெட்டி படுக்கையோடு கோச்சியில் ஏறி, தலைமன்னார் பியருக்கு வந்து கப்பல் மாறினார்கள். இந்தக் கோச்சிக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்று பெயர். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சொந்தக்காரர் கட்டிப்பிடித்து அழுதபடி வழியனுப்பியதால் வந்த பெயர். அண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே லயத்துக் குடும்பங்கள் பிரிந்தன. போனவர்களில் பெரும்பாலானவர்கள் இலங்கையில் பிறந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் காணாதவர்கள். 80 களின் நடுப்பகுதிக்குள் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போய்விட்டார்கள். நீலகிரியில் அவர்களுக்கென்று தமிழ்நாடு அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட்டது. அங்கே அவர்களை இன்றும் 'சிலோன்காரர்' என்றுதான் அழைக்கிறார்கள். இங்கே இருக்கும்போது 'இந்தியாக்காரன்', அங்கே போனதும் 'சிலோன்காரன்'.

பாட்டன் தகரத் துண்டோடு வந்து இறங்கிய அதே பியரில் பேரன் பாஸ்போட்டோடு ஏறினான். எனக்குத் தெரிந்து இலங்கையில் வேறு எந்த ஸ்டேஷனும் ஒரு சனத்தின் வரவையும் போக்கையும் இப்படி முழுதாகப் பார்க்கவில்லை. அவர்கள் வந்து தங்கிய மண்டபம் முகாம், போனவர்களுக்கும் தங்குமிடமானது. பிறகு போரில் ஓடிய இலங்கை அகதிகளுக்கும் அதே மண்டபம். அந்த முகாமில் இன்னமும் நம் நாட்டு மக்கள் இருக்கிறார்கள்.

83 ஜூலைக்குப் பிறகு கப்பல் அதிக காலம் ஓடவில்லை. கப்பல் நின்றதும் பியர் ஸ்டேஷனுக்கு அர்த்தம் போய்விட்டது. கோச்சி மட்டும் ஒழுங்கில்லாமல் கொஞ்சக் காலம் வந்து போனது. 1990 நடுப்பகுதியில் சண்டை திரும்பத் தொடங்கியதும் அதுவும் நின்றது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்ந்தது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கழற்றி பங்கருக்குப் போட்டார்கள். இதில் ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பியர்ப் பக்கம் கடற்படையிடம் போனது. சட்டப்படி பாஸ்போட்டோடு போன அதே 22 மைலை, அந்த வருடம் ஆயிரக்கணக்கானவர்கள் இரவில் வள்ளத்தில் கடந்தார்கள். மணல்தீடையில் இறக்கிவிட்டு "இதுதான் இந்தியா" என்று ஓட்டிகள் திரும்பிவிட, விடியும்வரை தண்ணீரில்லாமல் நின்றவர்களின் கதைகள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உண்டு.

அதே 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் எழுபத்தையாயிரம் பேர். அந்தக் கதையை நான் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. வாசிக்கிற பலர் அதை நடந்து வந்தவர்கள். ஸ்டேஷன் கதையோடு ஒட்டுகிற ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். மன்னார்த் தீவிலிருந்து நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் கல்பிட்டிக்கு வந்து சேர்ந்தது கடல்வழியாக. 76 வருடம் கோச்சி ஓடிய தீவிலிருந்து ஒரு கிழவியைக்கூட கோச்சியில் ஏற்றி அனுப்ப வழியிருக்கவில்லை. மழைக்காலத்துக் கடலில் திறந்த வள்ளத்தில், கைக்குழந்தைகளோடு. பாதை இருந்தால் வெளியேற்றம் நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. வந்த விதமாவது வேறாக இருந்திருக்கும்.

பிறகு இருபத்தைந்து வருடம். பியர்ப் பாதையில் உடைமுள் வளர்ந்தது, கழுதைகள் மேய்ந்தன. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமும் முடித்தார்கள். மன்னார்க் கோச்சி என்பது அவர்களுக்கு உம்மாமார் சொன்ன கதை.

இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. மதவாச்சியிலிருந்து மடு ரோட் வரை 43 கிலோமீற்றர் 2013 மே 14 இல் திறந்தது. அங்கிருந்து பியர் வரை 63 கிலோமீற்றரை 2015 மார்ச் 14 இல் இந்தியப் பிரதமர் மோடி வந்து கொடியசைத்துத் தொடக்கிவைத்தார். புதிய கட்டடம், புதிய மேடை, மூன்று மொழியில் பெயர்ப்பலகை. எல்லாம் வந்தது. கப்பல் மட்டும் வரவில்லை. எதற்காக அந்த ஸ்டேஷனைக் கடற்கரையில் கட்டினார்களோ அந்தக் காரணம் இல்லாமலே ஸ்டேஷன் திரும்பி வந்துவிட்டது. பழைய துறையின் இரும்புத் தூண்கள் உப்புக் காற்றில் அரித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கின்றன. என் மாணவனின் கேள்வி வந்தது இதனால்தான்.

கப்பல் திரும்ப வருமா? நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 ஒக்டோபரில் ஒரு சேவை தொடங்கியது. தலைமன்னார் – இராமேஸ்வரம் சேவையைத் தொடங்க வேலை செய்வோம் என்று 2024 டிசெம்பரில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் கூட்டறிக்கையில் சொன்னார்கள். பாலம் கட்டுகிற பேச்சும் இடையிடையே எழும்பும், அடங்கும். எனக்குக் கப்பலில் ஆசை இருக்கிறது. ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. கப்பல் வருகிற நேரத்தில் பியரை அழகுபடுத்துகிறோம் என்று பழைய தூண்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, சுவரில் ஒரு ஸ்டீமர் படத்தை வரைந்து 'போட் மெயில் கஃபே' என்று போர்டு தொங்கவிடுவார்கள். தகரத் துண்டும் அழுகைக் கோச்சியும் 1990 உம் அந்தச் சுவரில் இடம்பிடிக்காது. மலையகத்தார் இங்கே வாக்காளர் இல்லை. நம்மில் பாதிப்பேர் இன்னும் புத்தளத்தில். யார் கேட்பது?

அதனால் நம் பாடசாலையில் ஒரு சின்ன வேலையைத் தொடங்கியிருக்கிறோம். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு கொப்பியில் எழுதுகிறார்கள்: கப்பலில் போனீர்களா, எந்த வருடம், டிக்கட் எவ்வளவு, கடல் கொந்தளித்ததா, சுங்கத்தில் எதைப் பறித்தார்கள், பியரில் என்ன விற்றார்கள். இதுவரை பதினொரு கொப்பி வந்திருக்கிறது. அதில் ஒன்று இராமேஸ்வரத்தில் வாங்கிய வெண்கலச் செம்பு ஒன்றின் கதை. செம்பு 1990 இல் வீட்டோடு போய்விட்டது, கதை மட்டும் மிச்சம்.

உங்கள் வீட்டில் பழைய டிக்கட், 'தலைமன்னார்' முத்திரை விழுந்த பாஸ்போட், பியரில் எடுத்த படம் எதுவும் இருந்தால் போனில் படமெடுத்து எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். அசல் வேண்டாம், அதைப் பத்திரமாக வையுங்கள். புத்தளம், கல்பிட்டி, நீர்கொழும்பில் இருக்கிற நம் உறவுகள் பெரியவர்களின் குரலைப் பதிவுசெய்து அனுப்பினாலும் போதும். றெயில்வேயில் வேலை செய்தவர்கள், பியரில் சாமான் தூக்கியவர்கள் எவரும் இன்னும் ஹயாத்தோடு இருந்தால் பெயரை இங்கே பகிரங்கமாகப் போடாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். வருகிற லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறோம்.